பழகின இரும்பு

மதியத்துக்குள் லாரி வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மதியம் என்றால் எது மதியம், நியூஜெர்சியில் டிசம்பர் மாதத்து வெயில் வருவதும் தெரியாது போவதும் தெரியாது, நாலரை மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும், இதில் மதியத்தை எங்கே போய்த் தேடுவது என்று சௌந்தரவல்லி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பாதி உரித்த சின்ன வெங்காயம். வெளியே பழைய டொயோட்டா மூக்கைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் அவள் கணவர் அறவாழி குந்தி உட்கார்ந்து நம்பர் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார், பலகை நம்மிடம் இருக்க வேண்டும், கார் மட்டும்தான் போக வேண்டும். திருகாணி துருப்பிடித்துப் போயிருக்கும், இருபது வருஷப் பனியும் உப்பும் தின்றது போக மிச்சம் என்ன இருக்கும். கையுறை போடவில்லை. சொன்னால் கேட்கிற மனிதரா அவர். காலையில் அவள் சுற்றிவிட்ட மஃப்ளர் அவிழ்ந்து ஒரு முனை தரையில் புரண்டது, மஃப்ளருக்குள் வெள்ளைப் பிளாஸ்திரி, பிளாஸ்திரிக்கு உள்ளே, வேண்டாம், அதற்கு மேல் போக வேண்டாம் என்று மனசை ஓர் அதட்டு அதட்டினாள். அது எங்கே கேட்டது. சவரம் செய்யும்போது அவர்தான் முதலில் பார்த்தார், தாடைக்குக் கீழே சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று, வலியே இல்லை வல்லி, தொட்டுப் பார் என்று அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். வலி இல்லை என்றதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது, டாக்டரம்மா முகத்தில் அந்த நிம்மதியைக் காணோம். வலித்திருந்தால் பரவாயில்லை என்பது மாதிரி இருந்தது அந்த அம்மாள் அடுத்த கேள்வி கேட்ட விதம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். விடுமுறை நாளாக இருப்பதால் முடிவு வரக் கொஞ்சம் தாமதமாகலாம் என்றார்கள். மகள் இனியா கலிபோர்னியாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டபோது குளிருக்கு மஃப்ளர் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் அவளை நம்ப வைத்துவிட்டதே, படித்த பெண்ணை.

காரைக் கொடுத்துவிடலாம் என்றது அவர்தான். வருஷம் முடிவதற்குள் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், முப்பத்தொன்றாம் தேதியைத் தாண்டிவிட்டால் இந்த வருஷத்துக்கு ஆகாது என்று சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பாடம் நடத்தினார். சாதாரணமாகக் கொடுத்தால் ஏலத்தில் தள்ளிவிடுவார்கள், ஏலத்தில் என்ன வந்ததோ அதைத்தான் கழிக்க விடுவார்கள், ஆனால் இல்லாதவர்களுக்கே ஓட்டக் கொடுக்கிற அமைப்பாகப் பார்த்துக் கொடுத்தால் சந்தை விலை முழுவதையும் கழிக்கலாம், எப்படி என் மூளை என்று கேட்டு ரசத்தை உறிஞ்சினார். கழுத்தில் கட்டியை வைத்துக்கொண்டு வரியைப் பற்றிப் பேச ஒரு மனிதனால் முடிகிறது. அவளுக்கு அப்போது கோபம் வரவில்லை, ஆறுதலாகத்தான் இருந்தது. இப்படித்தான் எப்போதும், அவள் பயப்பட வேண்டியது, அவர் கிண்டல் பண்ண வேண்டியது, அந்தக் கிண்டலைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நிற்க வேண்டியது. இந்தக் கார் வந்த அன்று நாலு சக்கரத்துக்கும் கீழே அவள் எலுமிச்சம்பழம் வைத்தபோது, நாலு டம்ளர் ஜூஸ் போச்சே என்று சொல்லிக்கொண்டேதான் ஏற்றி நசுக்கினார். தாலிக்கு ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம், மேடையில் நாலு பேர் பேசினால் போதும் என்று கல்யாணம் செய்துகொண்ட குடும்பம் அவருடையது. அவளுடைய சாமிகள் இந்த வீட்டில் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் அலமாரியில் குடியிருந்தன. அவர் டீ போடும்போது அவற்றைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான், ஒரு நாளும் வெளியே போட்டதில்லை.

அன்றைக்கு அவள் வரிப் பாடத்தின் பிற்பாதியைக் கவனிக்கவே இல்லை. கவனித்திருக்க வேண்டும். காரைக் கொடுக்கலாம் என்ற வார்த்தை காதில் விழுந்த உடனேயே மனம் கும்பகோணத்துக்குப் போய்விட்டது, அண்ணி வீட்டுக் கூடத்துக்கு, அங்கே செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஜோசியரின் முகத்துக்கு. ஊசி போட்ட அன்று ராத்திரி அண்ணிதான் வற்புறுத்திப் பார்க்க வைத்தாள். அட்டமத்துச் சனி நடக்கிறது, உயிருக்கே கண்டம் காட்டுகிறது என்று அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை, ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுதான் பயம். இரும்பு தானம் செய்யுங்கள் என்றார். கடையில் புதுசாக வாங்கிக் கொடுப்பதைவிடக் கைக்குப் பழகின இரும்பாக இருந்தால் விசேஷம், அவர் கைபட்டது, அவர் தினம் தொட்டது. கூடக் கறுப்புத் துணியில் எள்ளு முடிந்து வையுங்கள், வாங்குகிறவர் கைக்குப் போனதும் கண்டம் உங்கள் வீட்டை விட்டுப் போய்விடும். எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதைத்தான் இப்போது நினைத்து நினைத்துப் பார்த்தாள். அவர் தினம் தொட்ட இரும்பு என்று இந்த வீட்டில் என்ன இருக்கிறது, தோசைக்கல்லைக்கூட அவள்தான் தொடுகிறாள். கார் இருந்தது. இருபது வருஷம் அந்தக் கை பிடித்த ஸ்டீயரிங். லாரிக்கு நாள் கொடுத்தவர்கள் சனிக்கிழமையாகப் பார்த்துக் கொடுத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, சொல்லாமலே எல்லாம் கூடி வருகிறதே என்று.

எள்ளு வாங்கப் போன இந்தியக் கடையில் பில் போடுகிற பெண் எள்ளுருண்டையா அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றாள். கறுப்புத் துணிக்குத்தான் அலைய வேண்டியிருந்தது, அவளுக்கு ஆகாத நிறம் என்று வீட்டில் கறுப்பே இல்லை, பீரோவின் அடித்தட்டில் அவருடைய கறுப்புச் சட்டை ஒன்றுதான், கல்லூரிக் காலத்தில் கூட்டங்களுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை, இப்போது ஒரு கைகூட நுழையாது, ஆனால் தூக்கிப் போட விடமாட்டார். அதன் பின்பக்கக் கீழ் ஓரத்தில் ஒரு சதுரம் வெட்டினாள். கத்தரிக்கோல் ஓடும்போது சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது. எள்ளை முடியும்போதுதான் இன்னொரு நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது, எள்ளு செத்தவர்களுக்கும் இறைக்கிறதுதானே, எள்ளும் தண்ணீரும் என்று, ஐயோ, இதைப் போய் அவர் சட்டையிலேயே முடிகிறேனே, அவரைக் காப்பாற்ற முடிகிறேனா, இல்லை அந்தக் காரியத்துக்கே ஒத்திகை பார்க்கிறேனா. அவிழ்த்தாள். மறுபடி முடிந்தாள். நேற்று விடியற்காலை, அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் போய், டிரைவர் சீட்டுக்குக் கீழே எட்டின மட்டும் உள்ளே தள்ளிவிட்டு வந்தாள். யாருக்கு என்ன கெடுதல் என்று அப்போது தெம்பாகத்தான் இருந்தது. வாங்கப்போவது ஒரு நிறுவனம். நிறுவனத்துக்கு ஏது ராசி, ஏது நட்சத்திரம். அவர்கள் ஏலத்தில் விடுவார்கள், எவனோ உடைத்துத் தகரமாக்குவான், சனி பகவானும் தகரத்தோடு தகரமாகப் போய்ச் சேருவார். இப்படியெல்லாம் தனக்கு வசதியாக ஒரு சாஸ்திரத்தை எழுதி வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாஸ்திரம் ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. நேற்று மத்தியானம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், இவள்தான் எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். உங்கள் காருக்குக் குடும்பம் கிடைத்துவிட்டது, மரிசோல் என்று ஒருத்தி, முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், பனியில் நடந்து போய்ப் பஸ் பிடிக்கிறாள், இரண்டு சின்னக் குழந்தைகள், நாளைக்கே அவள் கைக்குப் போய்விடும், உங்களால் அவளுக்குப் புது வருஷம் நல்லபடியாகப் பிறக்கப் போகிறது என்றாள். கடைசியாக ஒன்று கேட்டாள். பின் சீட்டில் குழந்தை நாற்காலி மாட்டுகிற கொக்கிகள் இருக்கின்றனவா? இருக்கின்றன என்றாள் வல்லி. இனியாவுக்கு மாட்டியதுதான், நகக்கண் எல்லாம் நசுங்கி மாட்டியது, எப்படி மறக்கும். போனை வைத்தாள். ஒரு பெயர் இல்லாமல் இருந்தவரைக்கும் எவ்வளவு சுலபமாக இருந்தது. மரிசோல். அப்போதிலிருந்து இந்தப் பெயர் வாயில் மாட்டிக்கொண்டுவிட்டது, பருப்பு கழுவும்போது மரிசோல், பல் விளக்கும்போது மரிசோல். ராத்திரி முருகா அவரைக் காப்பாற்று என்று கண்ணை மூடினால் அவர் முகம் வரவில்லை, பார்த்தே இராத ஒருத்தி பனியில் நடந்து வந்தாள். இதெல்லாம் சும்மா, ஜோசியமாவது ஒன்றாவது என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். சும்மா என்றால் எள்ளு முடிச்சால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சும்மா என்றால் இவரும் பிழைக்க மாட்டாரே. இவர் பிழைக்க வேண்டும் என்றால் அது நிஜமாக இருந்தாக வேண்டும், நிஜமாக இருந்தால் அது அங்கே போய்த்தான் தீரும். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அந்தப் பின் சீட்டில் போய்த்தான் முட்டியது.

அப்பாவுக்குக் காமாலை முற்றியிருந்தபோது அம்மா ஒரு இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி அப்பாவை அதில் முகம் பார்க்கச் சொன்னாள். வல்லிக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பது வயதோ. அந்தச் சட்டியைக் கோயில் மேலைச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கொடுக்கப் போனபோது அவளும் கூடப் போனாள். மெலிந்த ஆள், நல்ல வெள்ளை வேட்டி, மற்றவர்கள் வாங்க அஞ்சுகிற தானத்தை வாங்கிக்கொள்வதுதான் அவர் பிழைப்பு. அம்மா கொடுத்துவிட்டு அவள் தலையைப் பிடித்துத் திருப்பினாள், திரும்பிப் பார்க்காமல் வா என்றாள். அவள் பார்த்தாள். அவர் எண்ணெயில் தன் முகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்துவிட்டார், அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தார், சண்டை போட்டார், பேத்தியைக் கொஞ்சினார். அந்த மேலைச் சுவர் ஓரம் அடுத்த தையில் காலியாக இருந்தது. எங்கேம்மா அவர் என்று கேட்டதற்கு, அதெல்லாம் கேட்கக் கூடாது என்றாள் அம்மா. வேறு ஊருக்குப் போயிருப்பார். வேறு கோயிலுக்கு. யாருக்காவது அவர் மேல் இரக்கம் வந்து நல்ல வேலை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அவருக்கு எத்தனையோ வேலை வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டாள், ஒன்றிலும் அவர் நிலைக்கவில்லை. ஆனால் அவராவது தெரிந்து கை நீட்டினார். என்ன வருகிறது என்று தெரிந்து, அதற்கு உண்டான தட்சணையையும் கேட்டு வாங்கினார். இந்த மரிசோல் கார் வருகிறது என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சமையல் மேடை மேல் சார்ஜில் கிடந்த அவர் போன் உறுமியது. வெங்காயம் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. ஆஸ்பத்திரி முடிவு இப்போதெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறதாம், டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால், ஞாயிறு சனி பார்க்காமல், அந்தச் செயலியில் ஒரு சின்ன நீலப்பொட்டு வருமாம். அவள் கண்ணாடி வேறு எங்கேயோ கிடந்தது. போனைத் தூரமாகப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள், எழுத்துகள் ஊர்ந்தன. லாரிக்காரர். பக்கத்துத் தெருவில் இருக்கிறேன், வந்துகொண்டே இருக்கிறேன். ஓ என்றாள் வாய்விட்டு. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். லாரிதான். லாரி மட்டும்தான். வரட்டும், வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும், யார் யாருக்கு என்ன எழுதியிருக்கிறதோ, ஊரில் இருக்கிற மரிசோல்களை எல்லாம் நான் காப்பாற்ற முடியுமா, எனக்கு இருப்பது இவர் ஒருத்தர், இவரும் போய்விட்டால் இந்த ஊரில், இந்தக் குளிரில், இந்தப் பெரிய வீட்டில் யாரிடம் போய் நான் பயப்படுவேன். இருக்கட்டும், முடிச்சு அங்கேயே இருக்கட்டும். நினைத்தது இந்த ஒரு தடவைதான் இவ்வளவு துலக்கமாக. நினைத்து முடிப்பதற்குள் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. ஏதோ ஓர் அடுக்குவீட்டு ஜன்னலில் அவளும் இதே நேரத்துக்கு இதே லாரியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நிற்பாள். இடுப்பில் சின்னது ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு பெரியது ஒன்று. சாமி படமோ ஜெபமாலையோ, கண்ணாடியில் தொங்கவிட எதையாவது எடுத்துக் கையில் வைத்திருப்பாள், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று.

லாரி வந்துவிட்டது. சாய்கிற தட்டு வைத்த பெரிய லாரி, தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது, தாடிக்காரர் ஒருவர் குதித்து இறங்கி அறவாழியின் கையைக் குலுக்கினார், குளிரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கொக்கி மாட்டினார்கள். சங்கிலி இறுகியது. டொயோட்டாவின் முன் சக்கரங்கள் தரையை விட்டுத் தட்டின் மேல் ஏறத் தொடங்கியபோது வல்லி வீட்டுச் செருப்போடு வாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லி அவள் போட்ட சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது. உள்ளே ஒரு சாமான் விட்டுப்போச்சு என்று தாடிக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள், அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று விசையை நிறுத்தினார். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு சரிவாக நின்றது. கதவைத் திறந்து சீட்டுக்குக் கீழே கையை விட்டாள், இல்லை. இன்னும் உள்ளே விட்டாள், இனியாவின் உடைந்த மெழுகு வண்ணக்குச்சி ஒன்று, ஒரு நாணயம், என்றைக்கோ கொட்டின கடலை. முடிச்சு இல்லை. சரிவில் பின்னால் உருண்டுபோயிருக்கும். பின் கதவைத் திறந்து பாதி உடம்பை உள்ளே போட்டு, அந்தக் கொக்கிகள் இருந்த சீட்டில் முகம் அழுந்த, கீழே துழாவினாள். ஒரு நிமிஷம், கிடைக்காமல் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தேடினேன் கிடைக்கவில்லை என்றால் பழி என் மேல் இல்லையே. விரலில் துணி தட்டியது.

லாரி திரும்பி, சிவப்பு விளக்குக் காட்டி, தெருமுனையில் மறைகிறவரை இருவரும் நின்றார்கள். அறவாழி கையில் இரண்டு நம்பர் பலகைகள். அவள் கையைப் பார்த்தார்.

"என்ன அது?"

"எள்ளு."

துணியை அடையாளம் கண்டுகொண்டிருப்பார், அதைக் கேட்கவில்லை. எள்ளு எதற்கு என்று தெரியாத அளவுக்கு அவர் வேற்று நாட்டில் பிறந்துவிடவில்லை.

"எனக்கா?"

"ம்."

"அப்புறம் ஏன் எடுத்த?"

"அவளுக்கு ரெண்டு குழந்தைங்க. பின் சீட்ல கொக்கி இருக்கான்னு கேட்டாங்க."

இப்போது சிரிப்பார் என்று வல்லி காத்திருந்தாள். சனி பகவானுக்கு இங்கே ஓட்டுநர் உரிமம் உண்டா என்பது மாதிரி ஏதாவது கேட்பார், கேட்டுவிட்டால் போதும், எல்லாம் சும்மா என்று ஆகிவிடும், நான் எடுத்ததும் சும்மா, வைத்ததும் சும்மா, உள்ளே போய் ரசத்தைச் சூடு பண்ணலாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஃப்ளரை எடுத்துத் தானே கழுத்தில் சுற்றிக்கொண்டார், பிளாஸ்திரிமேல் கை ஒரு கணம் நின்றது.

"எடுத்தது சரிதான்," என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ முடிச்சு வச்சது எனக்குத் தெரியும், வல்லி. நேத்தே பாத்துட்டேன். நானும் எடுக்கல."

அவள் அவரையே பார்த்தாள். அவர் உதடு வெளுத்திருந்தது. இத்தனை நாளும் பயப்படுகிற வேலையைத் தான் ஒருத்தி பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தாள். இனிமேல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.